பயந்தா ரத்தம் ஓடாதாம்

உக்காருங்க தம்பி. அந்தச் சேர் வேண்டாம், ஒரு கால் ஆடும். இப்படி வாங்க, ஃபேன் காத்து இங்கதான் விழும். அண்ணனுக்குங்களா? லேத்துப் பட்டறைலயா... எந்தக் கை? சரி, சரி, அழாதீங்க. உள்ள கூட்டிட்டுப் போயிட்டாங்கல்ல, இனி அவங்க பார்த்துக்குவாங்க. நீங்க பயப்படவே கூடாது. பயந்தீங்கன்னா எல்லாம் கெட்டுப்போயிரும். என்னையப் பாருங்க, நான் பயந்தேனா?

எனக்கு கோபிப் பக்கமுங்க. பேரு நாச்சிமுத்து. வாய்க்கால் பாசனத்துல கொஞ்சம் மஞ்சள் போடுவோம், மிச்சமெல்லாம் மாட்டுக்குத் தீவனப்புல்லு. மாடுகதான் எங்களுக்கு எல்லாமே. எங்கூட்டுக்காரி துளசிமணி உள்ள இருக்கா. விரலுக்குப் பயிற்சி குடுக்கற ரூம் இருக்குதில்ல, கடைசிக் கதவு, அங்க. அவ வர்ற வரைக்கும் நடந்ததைச் சொல்றேன். கேட்டீங்கன்னா உங்களுக்கும் ஒரு தைரியம் வரும்.

போன ஆனி மாசம். எங்கூர்ல அப்ப காத்து காலம், தென்னை மட்டையெல்லாம் பிய்ச்சுட்டுப் போகும். சாயங்காலம் பால் கறக்கறதுக்கு முன்னாடி புல்லு வெட்டிப் போடோணும். அதுக்கு மோட்டார் வச்ச மிஷினு இருக்குது. ஒரு பக்கம் புல்லைத் தள்ளினா இழுத்துட்டுப் போகும். அந்தப் பக்கம் பெரிய இரும்புச் சக்கரம், அதுல கத்தி. அது சுத்தச் சுத்தப் பொடிப்பொடியா வந்து விழும். அந்தச் சக்கரத்துக்கு ஒரு தகர மூடி உண்டு. அதை நான் கழட்டிப் போட்டிருந்தேன். ஈரப்புல்லு போய் மூடியில அப்பிக்குதுங்க, ஒவ்வொரு தடவையும் யாரு சுரண்டறது? எங்கூர்ல எந்த வீட்டுலயும் அந்த மூடி இருக்காது, போய்ப் பாருங்க. அது கிடக்கட்டும்.

அன்னிக்கும் அடைச்சுக்கிச்சு. துளசிமணி அந்தப் பக்கம் நின்னு, “ஏனுங்க, ஆஃப் பண்ணுங்க”ன்னா. பண்ணினேன். “பண்ணியாச்சா?”ன்னா. “பண்ணியாச்சு”ன்னேன். பண்ணியாச்சுதானே தம்பி? சுவிட்ச் ஆஃபுதானே? ஆனா அந்தச் சக்கரம் இருக்குது பாருங்க, கரண்ட் போன பொறவும் சத்தமில்லாம சித்த நேரம் சுத்தும். அவ இடது கையை உள்ள விட்டுட்டா. நான் ஆஃப் பண்ணியாச்சுன்னுதான் சொன்னேன். நின்னுருச்சுன்னு சொன்னனா? சொல்லலையே. இதை யார்கிட்ட வேணாலும் நான் சொல்வேன்.

சத்தம் பெருசா இல்லீங்க. வெண்டைக்காய நறுக்கினா வருமில்ல, அந்த மாதிரி. அவ கத்தவும் இல்ல. கையை வெளிய எடுத்து, யாரோ வச்சுட்டுப் போன சாமானைப் பார்க்கற மாதிரி பார்த்தா. அப்புறம், “ஏனுங்க, இங்க கொஞ்சம் வாங்க”ன்னா. சோத்துக்குக் கூப்பிடற மாதிரி.

நான் போனேன். மெதுவாத்தான் போனேன். ஓடினா அவ பயந்துக்குவாள்ல.

ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரல், மூணுலயும் நகம் இருக்கற துண்டே இல்ல. அதுக்கு மேல உங்களுக்கு நான் சொல்லல. நீங்க ஏற்கெனவே மூஞ்சி வெளுத்துப்போய் உக்காந்திருக்கீங்க. தண்ணி குடிங்க.

தோள்ல கிடந்த துண்டை எடுத்து நீட்டினேன். அவளே சுத்தி, ஒரு முனையைப் பல்லுல கடிச்சு இறுக்கிக் கட்டிக்கிட்டா. கையைத் தலைக்கு மேல தூக்கிப் பிடிச்சுக்கிட்டே அந்தப் புல்லுக் குமிக்கு முன்னாடி குத்த வச்சு உக்காந்துட்டா. நான், “என்ன பண்ற, வா ஆஸ்பத்திரிக்கு”ங்கறேன். “இருங்க, இதுக்குள்ளதான விழுந்திருக்கோணும்”ங்கறா. வலது கையால புல்லை விலக்கி விலக்கிப் பார்க்கறா. அரிசில கல்லு பொறுக்கற மாதிரி. அந்தப் பக்கம் கட்டியிருந்த செவலை மாடு பசியில கழுத்தை நீட்டுது, நாக்கு புல்லு வரைக்கும் வந்துருச்சு. அது ஒரு வாய் அள்ளியிருந்தா? அவ முழங்கையால அது மூஞ்சிய ஒரு தள்ளு தள்ளி, “அக்கட்டால போ”ன்னா.

நான் அவ பின்னாடியே நின்னேன். மயங்கி விழுந்தா தாங்கிப் பிடிக்க ஒரு ஆள் வேணுமில்ல.

ரெண்டு புல்லுக்குள்ள கிடைச்சுது. மூணாவது மிஷின் வாயிலயே ஒட்டியிருந்துச்சு. “கையை நீட்டுங்க”ன்னா. நான் பால் கறக்கற போசியை நீட்டினேன். எங்கையெல்லாம் சாணிங்க, அதுல எப்படி வாங்கறது?

பொறவு யாருக்குப் போன் பண்றது? என் போன்ல டாக்டர்னு போட்டு ஒரே நம்பர்தான் இருக்குது. அடிச்சுட்டேன். எடுத்தது எங்க மாட்டு டாக்டரம்மா, அருள்செல்வி. “செவலைக்குக் கன்னு போட வலி எடுத்துருச்சா?”ன்னு கேட்கறாங்க. “இல்லீங்க, துளசிமணிக்கு விரல் போயிருச்சு, போசில இருக்குது”ன்னேன். அந்தம்மா மளமளன்னு சொன்னாங்க. “ஐஸ்ல நேராப் போட்டுராதீங்க, வெந்து போன மாதிரி ஆயிரும். சுத்தமான துணியை நனைச்சுப் பிழிஞ்சு அதுல சுத்துங்க. ஒரு பிளாஸ்டிக் கவர்ல போட்டு தண்ணி போகாம இறுக்கிக் கட்டுங்க. அந்தக் கவரை ஐஸ் தண்ணிக்குள்ள வைங்க. நடுவுல எங்கயும் நிக்காதீங்க, நேரா கோயமுத்தூரு போங்க. ஒட்ட வைக்கறவங்க அங்க இருக்காங்க.” அப்புறம், “நாச்சிமுத்து, மூச்சு விடுங்க”ன்னாங்க. எதுக்கு அப்படிச் சொன்னாங்கன்னு இன்னிக்கு வரைக்கும் எனக்குத் தெரியல. அடி பட்டது எனக்கில்லையே.

பக்கத்துத் தோட்டத்து ரத்தினம் வேனை எடுத்தான். அவங்கூட்டு ஃபிரிட்ஜுல இருந்த ஐஸு பூரா போசிக்குள்ள போச்சு. கோபில இருந்து இங்க வர்ற வரைக்கும் போசி எம்மடியிலதான். வேன் குலுங்கறப்பெல்லாம் ஐஸு உள்ள கிலுக்குக் கிலுக்குங்குது. எனக்கு அது விரலு தட்டற மாதிரியே கேட்குதுங்க. உள்ள இருந்து யாரோ மூடியைத் தட்டற மாதிரி. துளசிமணி எந்தோள்ல சாஞ்சிருக்கா, துண்டு பூரா நனைஞ்சுபோச்சு. “ஏனுங்க, கவர்ல தண்ணி ஏறிருச்சான்னு பாருங்க”ங்கறா. “ஏறல”ன்னேன். “தொறந்து பார்த்தீங்களா?” “பார்த்தேன்.” தொறந்தா காத்துப் பட்டுரும்னுதான் தொறக்கல. அதை அவகிட்டச் சொன்னா விவரம் புரியாது.

இங்க வாசல்ல ஒரு சின்ன டாக்டர் போசியை வாங்கித் தொறந்து பார்த்தாரு. “யாருங்க இதைக் கட்டினது? ரொம்பச் சரியா கொண்டாந்திருக்கீங்க. எந்த ஆஸ்பத்திரில சொன்னாங்க?”ன்னாரு. “மாட்டாஸ்பத்திரிலங்க”ன்னேன். அவரு சிரிக்கல. எழுதிக்கிட்டாரு.

பெரிய டாக்டரம்மா பேரு பர்வீன். உங்க அண்ணனுக்கும் அவங்களாத்தான் இருக்கும். கண்ணாடிக்கு மேல இன்னொரு கண்ணாடி மாட்டியிருப்பாங்க, வாத்து மூக்காட்டம் நீட்டிட்டு இருக்கும். என்னையத் தனியாக் கூப்பிட்டாங்க. “ரெண்டு விரலை ஒட்டப் பார்க்கலாம். மோதிர விரல் நுனி நசுங்கிப்போச்சு, அது வராது. தலைமுடி கனம்தான் ரத்தக்குழா, அதைத்தான் தைக்கோணும். ஒட்டினாலும் நிக்கும்னு உறுதி சொல்ல முடியாது”ன்னாங்க. தலைமுடிக்குத் தையல் போடறதை நெனைச்சுப் பாருங்க தம்பி. நான் செவுத்தைப் புடிச்சுட்டு அங்கயே உக்காந்துட்டேன். பயம் இல்லீங்க. காலைல இருந்து சாப்பிடல.

ரொம்ப நேரம் ஆச்சுங்க. எவ்வளவு நேரம்னு கேட்காதீங்க. உங்களுக்கும் அப்படித்தான் ஆகும், கடிகாரத்தையே பார்க்காதீங்க. அந்தக் கதவு தொறக்கும் மூடும், தொறக்கும் மூடும். ஒவ்வொரு தடவையும் விரல் போச்சுன்னு சொல்லத்தான் வர்றாங்கன்னு தோணும். விரல் மட்டுமில்ல, ஆளே போயிருச்சுன்னுகூடத் தோணும். உங்களுக்கு அப்படித் தோணுதா? தோணலைன்னா தோண விடாதீங்க.

வெளிய வந்து டாக்டரம்மா சொன்னதுதான் விசயம். நல்லாக் கேட்டுக்கங்க, நாளைக்கு உங்களுக்கும் இதைத்தான் சொல்லுவாங்க. ரூம்ல சூடு இருக்கோணும், ஏசி கூடாது. காபி, டீ கூடாது. பீடி, சிகரெட் வாசமே பக்கத்துல வரக் கூடாது, அந்தப் புகை ரத்தக்குழாயைச் சுருக்கிரும். எஞ்சட்டைய மோந்து பார்த்து, “குளிச்சுட்டு வேற சட்டை போட்டுட்டு வாங்க”ன்னுட்டாங்க. அன்னிக்கு விட்டதுதான் பீடி. கடைசியா ஒண்ணு சொன்னாங்க. “அவங்க பயப்படவே கூடாது. பயந்தாலும் ரத்தக்குழா சுருங்கும். சுருங்கினா ரத்தம் ஓடாது. ரத்தம் ஓடலைன்னா விரல் கறுத்துரும். அவங்க மனசு தைரியமா இருக்கறதுக்கு நீங்கதான் பொறுப்பு.”

நாந்தான் பொறுப்பு. கேட்டீங்களா? ஒருத்தரு பயந்தா அவரு விரல் செத்துப்போகும். அப்படியொரு சட்டத்தை நீங்க எங்கயாச்சும் கேட்டிருக்கீங்களா?

அதுல இருந்து அவ மூஞ்சிதான் எனக்கு எல்லாம். புருவம் சுருங்கினா எனக்கு நெஞ்சு நிக்கும். உள்ள போனதும் முத வேலையா ஒரு பொய் சொன்னேன். “அம்மிணி, மூணும் ஒட்டியாச்சு. ஒண்ணுகூட மிச்சமில்ல”ன்னேன். அவ கட்டுப்போட்ட கையை ஒரு தடவை பார்த்தா, என்னைய ஒரு தடவை பார்த்தா. “அப்படிங்களா, சரிங்க. நீங்க சாப்டீங்களா?”ன்னா. நம்பிட்டா. எனக்கு உசுரே வந்துச்சு.

தைரியம் சொல்றதுல நான் குறையே வைக்கல. “கறுத்தாலும் கவலைப்படாத, அந்தத் துண்டை மட்டுந்தான் எடுப்பாங்க, கையை எடுக்க மாட்டாங்க”ன்னேன். “பக்கத்து ரூம்ல ஒருத்தருக்கு ஒட்டினது நிக்கலையாம், அந்தாளே தெம்பாத்தான் நடக்கறாரு”ன்னேன். லிஸின்னு ஒரு சிஸ்டரு, கேரளாக்காரப் புள்ள, என்னைய வெளிய கூப்பிட்டு, “அங்கிள், நீங்க பேசாம உக்காந்தாப் போதும்”னுச்சு. சின்னப் புள்ளைதானே, அனுபவம் பத்தாது.

அந்த சிஸ்டரு அடிக்கொருக்கா வந்து விரல் நுனியை அழுத்தும். அழுத்தினா வெளுத்து, விட்டா சிவக்கோணும். சிவந்தா உசுரு இருக்குதுன்னு அர்த்தம். அழுத்தி விட்டதுக்கும் சிவக்கறதுக்கும் நடுவுல ஒரு நேரம் இருக்குது பாருங்க, கண்ணு மூடித் தொறக்கற நேரந்தான், அதுக்குள்ள எனக்கு ஒரு வயசு கூடிரும். சிஸ்டரு வர்ற சத்தம் கேட்டாலே துளசிமணி சொல்லுவா, “ஏனுங்க, வெளிய போய் ஒரு டீ குடிச்சுட்டு வாங்க”ன்னு. எனக்கு டீன்னா ஆசைன்னு அவளுக்குத் தெரியும். நானும் போயிருவேன். ஒரு நாளைக்கு எத்தனை டீ குடிச்சேன்னு அந்தக் கேண்டீன்காரனைக் கேளுங்க.

அப்படித்தான் ஒரு நாள் காலைல டீ குடிச்சுட்டு வர்றேன், ரூம்ல டாக்டரம்மா நிக்கறாங்க. நடுவிரல் ரோஜாப்பூ மாதிரி இருக்குது. ஆள்காட்டி விரல் நாவப்பழம். அந்த நெறந்தான் தம்பி. நீலமும் கறுப்பும்.

டாக்டரம்மா எனக்குப் புரியற மாதிரியே சொன்னாங்க. “வாய்க்கால்ல தண்ணி வருது, வடிகால் இல்ல. வயல்ல தேங்கினா என்ன ஆகும்?” “பயிரு அழுகிப்போகுமுங்க.” “அதேதான். உள்ள போற குழாயைத் தச்சுட்டோம். திரும்ப வர்ற குழா ரொம்பப் பொடிசு, இந்த விரல்ல தைக்கவே முடியல. புதுக் குழா தானா முளைக்கற வரைக்கும் தேங்கின ரத்தத்தை வெளிய எடுக்கோணும்.” “எப்படீங்க எடுக்கறது?” “அட்டை விடப் போறோம்.”

அட்டைங்க. வாய்க்கால்ல இருக்குமே, மாட்டு மூக்குல ஏறுமே, அது. ஒரு கண்ணாடி பாட்டில்ல தண்ணி ஊத்தி, அதுக்குள்ள நெளியுது. இவ்வளவு பெரிய ஆஸ்பத்திரில, தலைமுடிக்குத் தையல் போடற இடத்துல, அட்டை! எனக்கு அட்டைன்னா பயமெல்லாம் இல்ல. புடிக்காது, அவ்வளவுதான். சின்ன வயசுல கால்ல ஒண்ணு ஏறினதுல இருந்து நான் வாய்க்கால்ல எறங்கினதில்ல. மாட்டையே அவதான் கழுவுவா.

லிஸி சிஸ்டரு அதை எடுத்து விரல் நுனில விட்டுச்சு. சித்த நேரம் மோந்துட்டு, கப்புன்னு புடிச்சுக்கிச்சு. “ஆண்ட்டிக்கு வலது கையில டிரிப் ஏறுது, அசைக்கக் கூடாது. அங்கிள், நீங்க பக்கத்துல உக்காந்து பார்த்துக்கங்க. வயிறு நெறைஞ்சா விழுந்து நகரும், கட்டுக்குள்ள பூந்துரக் கூடாது. விழுந்தா பஞ்சுல புடிச்சு இந்தப் பாட்டில்ல போடுங்க, பெல் அடிங்க”ன்னு சொல்லிட்டுப் பக்கத்து ரூமுக்கு ஓடிருச்சு. அங்க வேற யாருக்கோ அவசரம்.

உக்காந்தேன். எனக்கு ஒரு பக்கம் வேர்த்து ஊத்துது, ஒரு பக்கம் குளுருது. அது கறுப்பா, விரலோட ஒட்டிக்கிட்டு, உள்ள இழுக்க இழுக்க ஒடம்பு அலையலையா அசையுது. துளசிமணி என்னையே பார்த்துட்டு இருந்தா. “ஏனுங்க”ன்னா. “ம்.” “நீங்க எம்மூஞ்சியப் பாருங்க. நான் அட்டையப் பார்த்துக்கறேன்.”

அது சரியாப் பட்டுச்சு எனக்கு. அவ மூஞ்சியப் பார்க்கறதுதான எம்பொறுப்பு? அவ அட்டையப் பார்த்தா, நான் அவளப் பார்த்தேன். கல்யாணம் ஆனதுல இருந்து அவ்வளவு நேரம் அவ மூஞ்சிய நான் பார்த்ததே இல்லீங்க. இடது கண்ணுக்குக் கீழ ஒரு சின்ன மச்சம் இருக்குது. அப்பத்தான் தெரியும்.

திடீர்னு அவ கண்ணு மாறுச்சு. “ஏனுங்க, விழுந்துருச்சு. நகருது”ன்னா. நான் பெல்லை அடிச்சேன். அடிச்சேன், அடிச்சேன், யாரையும் காணோம். “கட்டுக்கிட்டப் போகுதுங்க”ங்கறா. நெத்தில வேர்வை பொடிச்சுருச்சு. பயம். எங்கூட்டுக்காரி கண்ணுல மொத மொதப் பயத்தை அப்பத்தான் பார்த்தேன். விரல் துண்டாப் போனப்பக்கூட இல்லாத பயம். எனக்கு டாக்டரம்மா சொன்னதுதான் காதுல கேட்குது. சுருங்கும். ஓடாது. கறுத்துரும்.

பஞ்சு எங்க இருந்துச்சோ, எங்கண்ணுக்குத் தெரியல. கையாலயே புடிச்சுட்டேன். ரத்தம் குடிச்சுக் கொழகொழன்னு, கட்டை விரல் தண்டிக்கு இருந்துச்சு தம்பி. பாட்டில்ல போடலாம்னு ஒதறினா விழ மாட்டேங்குது. எங்கையில புடிச்சுக்கிச்சு. நான் அப்படியே கையை நீட்டிட்டு நின்னேன். ஓடல. கீழ போடல. லிஸி சிஸ்டரு வந்து எடுக்கற வரைக்கும் நின்னேன். அந்தப் புள்ள நான் அலறினது வாசல் வரைக்கும் கேட்டுச்சுன்னு எல்லார்கிட்டயும் சொல்லும். நம்பாதீங்க. சிஸ்டரைக் கூப்பிட்டேன், அது கொஞ்சம் சத்தமா வந்துருச்சு.

அதை எடுத்துட்டுத் திரும்பிப் பார்த்தா துளசிமணி சிரிக்கறா. விபத்து ஆனதுல இருந்து சிரிக்காதவ, கண்ணுல தண்ணி வரச் சிரிக்கறா. “நான் விரலப் பத்திப் பயப்படல, நீங்க மயங்கி எம்மேலயே விழுந்துருவீங்களோன்னுதான் பயந்தேன்”ங்கறா. சும்மா சொல்றா. அட்டைக்குத்தான் பயந்தா. சிஸ்டரு விரல் நுனியை அழுத்துச்சு. விட்டுச்சு. அன்னிக்கு நான் டீக்குப் போகல. நின்னு பார்த்தேன். மெதுவா, ரொம்ப மெதுவா, நீலத்துக்கு நடுவுல ஒரு சிவப்பு எட்டிப் பார்த்துச்சு.

அதுக்கப்புறமும் அட்டை விட்டாங்க. அட்டை வாய் வச்ச எடத்துல இருந்து ரத்தம் கசிஞ்சுட்டே இருக்கும். அப்படிக் கசியறதுதான் நல்லதாம். புது ரத்தம்கூட ஏத்துனாங்க. நல்ல நெறம் வந்தும் சிஸ்டரு கதவைத் தொறந்தா நான் எந்திரிச்சு நின்னுருவேன்.

பெரிய கட்டைப் பிரிக்கற நாள் வந்துச்சு. என் பொய்யி அன்னிக்கு வெளிய வந்துருமில்ல? மோதிர விரல் மொட்டையா இருக்கறதைப் பார்த்தா அதிர்ச்சில மத்த ரெண்டும் சுருங்கிருமோன்னு எனக்குச் சோறு எறங்கல. கதவுகிட்டப் போய் நின்னுக்கிட்டேன். டாக்டரம்மா துணியைச் சுத்திச் சுத்தி எடுத்தாங்க. துளசிமணி கையைப் பார்த்தா. திருப்பிப் பார்த்தா. “டாக்டரம்மா, இந்த ரெண்டும் கட்டை விரலும் இருந்தாக் கறக்கலாமுங்களா? மோதிர விரல்ல எனக்குப் பெருசா வேலையில்ல”ன்னா. அவ்வளவுதான். ஒரு சொட்டுக் கண்ணீர் இல்ல. பக்குவமாக் கொண்டுபோனா எதையும் தாங்கலாம் பாருங்க. நான் அவளை அப்படிக் கொண்டுபோயிருந்தேன்.

டாக்டரம்மா என்கிட்ட அப்புறமா ஒண்ணு சொன்னாங்க. தைக்கறப்ப கைக்கு மட்டுந்தான் மரத்துப்போற ஊசி போட்டாங்களாம், அவ முழிச்சுட்டேதான் இருந்தாளாம். மோதிர விரல் வராதுன்னு அவகிட்டச் சொல்லிட்டுத்தான் விட்டாங்களாம். எனக்கு அது நம்பற மாதிரி இல்லீங்க. தெரிஞ்சிருந்தா எங்கிட்டச் சொல்லியிருக்க மாட்டாளா? அரைத் தூக்கத்துல கேட்டு மறந்திருப்பா.

வீட்டுக்குப் போனோம். விரல் நின்னுருச்சு, ஆனா உணர்ச்சி இல்ல. மரக்கட்டையாட்டம். நரம்பு கொஞ்சங் கொஞ்சமாத்தான் வளரும், வந்தாலும் வரும், வராமயும் போகும்னு சொல்லித்தான் அனுப்பினாங்க. இங்க சொல்லிக் குடுத்த மாதிரி அவ தினமும் ராகிக்குள்ள விரலை விட்டு அளைவா, மணல்ல அளைவா, துண்டுல தேய்ப்பா. “ஒண்ணுந் தெரியல”ம்பா. மாட்டை ஒத்தைக் கையில கறந்தா. புல்லு நான் அரிவாள்ல வெட்டினேன். அந்த மிஷினு அங்கயேதான் நிக்குது, போடறதில்ல. கரண்டு சரியா வர்றதில்லீங்க எங்கூர்ல.

அந்த விரலை நான் தொட்டதில்ல. எதுக்குத் தொடோணும்? ஒட்ட வச்ச சாமான். அவ தூங்கறப்பக்கூட நான் அவ வலது பக்கந்தான் படுப்பேன். பொறண்டு படுத்து அது கழண்டு எம்மேல கிடந்தா? சிரிக்காதீங்க தம்பி. ஆமா, சிரிங்க. சிரிச்சா நல்லதுதான்.

மாசக்கணக்காப் போச்சு. பங்குனி வந்துருச்சு. ஒரு நாள் காலைல நான் கட்டுத்தரைல சாணி வழிச்சுட்டு இருக்கேன், அடுப்படில இருந்து ஒரு கத்தல். அன்னிக்கு மிஷின்ல கத்தாதவ கத்தறா. கூடையைப் போட்டுட்டு ஓடினேன். ஓடினவன் வாசப்படில நின்னுட்டேன். உள்ள கால் போகல. என்னத்தைப் பார்க்கப் போறனோன்னு கதவு நெலையைப் புடிச்சுட்டு நிக்கறேன்.

அவ அடுப்புக்கிட்ட நிக்கறா. பால் பொங்கி வழியுது, அடுப்பை அமத்தல. ஆள்காட்டி விரலை வாய்க்குள்ள வச்சிருக்கா, கண்ணுல தண்ணி கொட்டுது. “சுட்டுருச்சுங்க”ங்கறா. “அறிவிருக்குதா உனக்கு, மொதல்ல தண்ணில வைடி”ன்னு நான் திட்டறேன். “இல்லீங்க, சுட்டுருச்சுங்க! பால் போசி சுட்டுருச்சு! எனக்குத் தெரியுதுங்க!” எனக்கு அப்பவும் மண்டையில ஏறல தம்பி. இன்னும் ரெண்டு திட்டுத் திட்டினேன். அப்புறந்தான் அது எந்த விரலுன்னு பார்த்தேன்.

அடுப்பை அமத்தினேன். அவ முந்தானையில மூஞ்சியத் தொடச்சுட்டு, அப்படியே கீழ உக்காந்து, அந்த விரலை எம்பக்கம் நீட்டினா. கண்ணை மூடிக்கிட்டா. “சூடு மட்டுந்தான் தெரியுதோ என்னமோ. நீங்க ஒருக்காத் தொடுங்க, எங்க தொடறீங்கன்னு நான் சொல்றேன்”ன்னா. “சீக்கு புடிச்ச விரலைப் போட்டு நோண்டாதே”ன்னேன். “தொடுங்க”ன்னா. “கையெல்லாம் சாணி.” “கழுவிட்டு வந்து தொடுங்க.”

கழுவினேன். நல்லா நேரம் எடுத்துக் கழுவினேன். திரும்பி வந்தா அதே மாதிரி கண்ணை மூடிட்டு, விரலை நீட்டிட்டு உக்காந்திருக்கா. நானும் எதுர்ல உக்காந்தேன். வெள்ளைத் தழும்பு சுத்திலும் ஓடுது, அதுக்கு மேல சின்னதா ஒரு நகம், கோணலா, புதுசா முளைச்சிருக்குது. அதைக்கூட அதுவரைக்கும் நான் பார்த்ததில்ல. என் விரலைக் கொண்டுபோய் நுனில வச்சேன். பட்டும் படாம.

எனக்கு அந்த சிஸ்டரு அழுத்திப் பார்க்கற நேரம் மாதிரியே இருந்துச்சு. வராதுன்னு முடிவே பண்ணிட்டேன்.

“நுனில தொடறீங்க”ன்னா. அப்புறம் கண்ணை மூடினபடியே, “ஏனுங்க, உங்க கை எதுக்கு இப்படி நடுங்குது?”ன்னா.

குளுருதுன்னேன். பங்குனி மாசமுங்க அது, காலைலயே வெயில் சுள்ளுன்னு அடிக்குது. அவ கண்ணைத் தொறக்கல. “எடுக்காதீங்க, இன்னுஞ் சித்த நேரம் அப்படியே வச்சிருங்க”ன்னா.

வச்சிருந்தேன்.